மாப்புள விசாரிக்கிற மாதிரி இண்டர்நெட்ட விசாரிச்சது

சுருட்ட மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். முடியெல்லாம் உதிர்ந்த பொறகும் உங்கள அந்தப் பேராலதான் கூப்பிட்டன், இப்ப மட்டும் மாத்துவனா? நான் சுகம். நீங்க மவுத்தாகி, நாலு மாசம் பத்து நாள் வீட்டுக்குள்ள இத்தா இருந்து முடிஞ்ச கையோட, கற்பிட்டியில பொம்புளயளுக்கு நடக்கிற இங்கிலீசு வகுப்பில சேர்ந்துட்டன். வீட்டாக்கள் ஆருக்கும் இங்கிலீசில கடிதம் எழுதிட்டு வாங்க எண்டு சிபானா டீச்சர் சொன்னா. உங்களோட இங்கிலீசில கதைக்க எனக்கு வெட்கம், அதால தமிழிலயே எழுதுறன்.

ஃபோன்ல வாற இங்கிலீசெல்லாத்தையும் நம்பப்படாதாம் மச்சான். ஆர் எழுதினது, எப்ப எழுதினது, ஏன் எழுதினது, சம்பந்தமில்லாத வேற ஆரும் அதச் சொல்றாங்களா எண்டு பாக்கணுமாம். நான் எழும்பி, "டீச்சர், இது மாப்புள விசாரிக்கிற வேலையெல்லோ? பெடியன்ட உம்மாக்கிட்டக் கேட்டா தங்கம் எண்டுதான் சொல்லுவா. நாங்க கடையிலயும் பள்ளிவாசல்லயும் கேக்கமாட்டமா?" எண்டன். டீச்சர் கைதட்டிட்டா! பள்ளிக்கூடத்தப் பாதியில விட்ட எனக்கு!

அந்தக் கிழமையே எங்கட மருமகன் நுஸ்கி, கட்டார் ஹோட்டல்ல வேலை எண்டு ஃபேஸ்புக்கில ஒண்டக் கண்டு, பாஸ்போட்டத் தபால்ல அனுப்ப வெளிக்கிட்டுட்டான். எங்கட மகள் ரம்ஸியா வயித்துப் புள்ளயோட அழுறாள். "ஃபோனத் தா மகன்" எண்டன். "மாமி, உங்களுக்கு எத்தின இங்கிலீசுச் சொல்லுத் தெரியும்?" எண்டு சிரிச்சான். "கேள்வி தெரியும்டா" எண்டுட்டு, அந்தாக்களுக்கு நானே எழுதினன், "ஹூ இஸ் யுவர் ஃபாதர்? விச் மொஸ்க்?" எண்டு. கொஞ்ச நேரத்தில எங்கள புளொக் பண்ணிட்டாங்க. நுஸ்கி தலையில கைய வெச்சான், "மாமி, என்ட வேலையக் கெடுத்துட்டீங்க!" நான் விடல்ல. "வாப்பா பேரக் கேட்டதும் கதவச் சாத்துற வீட்டுக்குப் பொண்ணுக் குடுப்பமா?" எண்டு கேட்டு, டீச்சர் காட்டினபடி அந்த ஹோட்டல்ட சொந்தப் பக்கத்தத் தேடி எடுக்க வெச்சன். "எங்கட ஹோட்டல் பேரச் சொல்லி ஆரும் பாஸ்போட்டுக் கேட்டா அனுப்பவேணாம்" எண்டு அதிலயே போட்டிருந்திச்சு. நுஸ்கி பாஸ்போட்ட அலுமாரியில வெச்சுட்டு, எனக்கு அவனே தேத்தண்ணி ஊத்தித் தந்தான். சீனி போட மறந்துட்டான், நானும் சொல்லல்ல.

இப்ப வகுப்பில எல்லாரும் என்னட்டத்தான் ஃபோன நீட்டுறாங்க. நீங்க பாத்திருக்கணும் மச்சான்.

ரம்ஸியா சலாம் சொல்லச் சொன்னாள். அல்லாஹ் உங்கட கப்ர விசாலமாக்கி வைக்கட்டும்.

உங்கட
அஸ்ரியா

பின்குறிப்பு: கை பழகிட்டுது, நேத்து உங்களயும் விசாரிச்சுட்டன். மதுரங்குளிக் கலியாண வீட்டில என்னக் கண்டுதான், கட்டினா இவளத்தான் எண்டு ஒத்தக்கால்ல நிண்டதா எப்பவும் சொல்லுவீங்களே. உங்கட கூடப்பொறந்த மூத்தவ, அலீமா மதினி சொல்றா, நீங்க என்னக் கண்டதே இல்லயாம், "உம்மா காட்டுற ஆளு போதும்" எண்டீங்களாம். படிச்சபடி பாத்தா உங்கட கதைக்கு வேற சாட்சியே இல்ல. சொன்னதும் நீங்க, லாபமும் உங்களுக்கு. எண்டாலும் நான் உங்களத்தான் நம்புறன், டீச்சருக்குத் தெரியவேணாம். ஒண்டு மட்டும் சொல்லுங்க மச்சான், அண்டைக்கு நான் உடுத்திருந்த சாரி என்ன நிறம்?