அறிவு வலையில் அகப்படாத ஒன்றரை ஏக்கர்

முரசுமோட்டை
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பெறாமகள் மேனுகாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. இங்கே நானும் பெரியம்மாவும் சுகம். முழங்காலைப் பற்றி விசாரிக்காமல் விட்டால் பெரியம்மா இன்னும் சுகம். நீயும் கொழும்பில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம். தொலைபேசியில் சொன்னால் பாதியில் தடுமாறிவிடுவேன் என்பதால் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

1. மென்பொருளை உன் அறிவு வலையுடன் நான் இணைத்த விதம்.
2. அதன் பின் எங்கள் வாய்க்காலின் வயல்கள் பெருகிய விதம்.
3. ஞானேஸ்வரி பட்டியலில் விடுபட்டதும், பிறகு அளவுக்கு மிஞ்சிச் சேர்ந்ததும்.
4. தவறு உன்னுடையது என்று நான் கருதுவதற்கான காரணம் (கோபிக்காதே).

முதலாவது. பொங்கலுக்கு வந்தபோது எங்கள் கமக்காரர் அமைப்புக்கு நீ செய்து தந்த அறிவு வலை, இன்னார் இன்ன வயல் செய்கிறார், அந்த வயலுக்கு இன்ன வாய்க்காலில் தண்ணீர் என்று ஒவ்வொன்றையும் மற்றதோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. நீ போன பிறகு, செயலாளர் என்ற முறையில், உறவுமுறைகளையும் அதில் சேர்த்தேன். இங்கே ஒருவர் யார் என்று கேட்டால் பெயரையா சொல்கிறார்கள்? "அவர் விஜிதரன்ர மச்சான்" என்றுதானே சொல்கிறார்கள். உறவில்லாத பதிவு அரைகுறைப் பதிவு என்று எனக்குப் பட்டது. ஆனால் கூட்டத்துக்குக் கணக்கைத் தூணும் வட்டமுமாக வரைந்து காட்டும் மென்பொருளுக்கு முடிச்சுகள் விளங்கவில்லை. அதற்குத் தெரிந்தது நிரையும் நிரலும் மட்டும். "எந்த அட்டவணை?" என்று கேட்டது. வலையில் அட்டவணையே இல்லையே என்று அரை நாள் மனதுக்குள் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ அனுப்பிய வினவலை, அதாவது வலையிடம் கேட்கும் கேள்வி வரிகளை, இடையில் வைத்தால் அது வலையிலிருந்து விடைகளை நிரை நிரையாக எடுத்துக் கொடுக்கும் என்பது பிறகுதான் விளங்கியது. முகவரியைக் கொடுத்தேன். கடவுச்சொல்லை ஐந்து தரம் பிழையாகவும் ஆறாம் தரம் சரியாகவும் கொடுத்தேன். பச்சை வெளிச்சம் வந்தது. பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பச்சை எண்டால் நல்லதோ?" என்று கேட்டா. "ஓம்" என்றேன், உறுதியில்லாமல்.

இரண்டாவது. எங்கள் வாய்க்காலில் நாற்பத்தொரு பேருக்குத் தொண்ணூற்றாறு ஏக்கர். திரையில் வந்தது அறுநூற்று முப்பத்தொரு ஏக்கர். இரணைமடுக் குளத்தை முழுதாகத் திறந்து விட்டாலும் மிச்ச ஊருக்கு என்ன செய்வது என்று நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்க, தலைவர் விஜிதரன் எட்டிப் பார்த்தார்.

"மாஸ்டர், எனக்கு நாப்பத்திரண்டு ஏக்கர் எண்டு காட்டுது. இருக்கிறது மூண்டு. மிச்ச முப்பத்தொன்பதையும் எங்க ஒளிச்சு வைச்சிருக்கிறன் எண்டும் இது சொல்லுமோ?"

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அவருக்கு இந்த வாய்க்காலில் பதினான்கு சொந்தக்காரர். ஒவ்வொரு சொந்தத்துக்கும் ஒரு நிரை. ஒவ்வொரு நிரையிலும் அதே மூன்று ஏக்கர்.

மூன்றாவதுதான் என் நித்திரையைக் கெடுத்தது. நாற்பத்தொரு பேரில் நாற்பது பேர்தான் திரையில் வந்தார்கள். வராதவ ஞானேஸ்வரி. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். மகளை வவுனியாவில் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக ஒன்றரை ஏக்கர் செய்கிறா. வாய்க்காலில் ஒருவரும் அவவுக்குச் சொந்தமில்லை. சொந்தம் இல்லை என்றால் நிரை இல்லை, நிரை இல்லை என்றால் ஆளே இல்லை என்று மென்பொருள் முடிவு செய்துவிட்டது. இம்முறை சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் குறைவு என்பதால், இந்தத் திரையிலிருந்து எடுத்து வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஏற்கும் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டுமே பங்கு. அவவே வந்து திரையைப் பார்த்தா.

"எம் பேரு எங்கங்க மாஸ்டர்? முப்பது வருசமா கடைசி வயலு என்னோடது. தண்ணி கடைசியாத்தான் வரும். இப்ப பேரு கடைசியாக்கூட வராதா?"

அவ போன பின் ஒரு காரியம் செய்தேன். அறிவு வலையில் அவவை என் தங்கச்சி என்று பதிந்தேன். அறுபத்தெட்டு வருடத்தில் நான் எழுதிய முதல் பொய்ப் பதிவு அது. ஒரு உறவைச் சொன்னால் மற்ற உறவுகளை வலை தானே கண்டுபிடிக்கும் என்று தொலைபேசியில் ஒரு விதி சொல்லித் தந்தாயே, அது வேலை செய்தது. விடிந்து பார்த்தால் என் சொந்தமெல்லாம் அவவுக்கும் சொந்தம். பதினொரு உறவு, பதினாறரை ஏக்கர்.

"நேற்று ஒரு பரப்பும் இல்லை, இண்டைக்குப் பதினாறரை ஏக்கர்! எந்தத் தரகர் மாஸ்டர்?" என்றார் விஜிதரன்.

தங்கச்சி என்று பதிந்ததை நான் ஒத்துக்கொண்டபோதும், திரும்ப வந்திருந்த ஞானேஸ்வரி சிரிக்கவில்லை. "பதினாறரை வேணாங்க அண்ணா. ஒன்றரைக்குத் தண்ணி வந்தாப் போதும்" என்றா.

நான்காவது. வினவல் நீ எழுதியது. நான் எழுத்தெழுத்தாகப் பார்த்துத் தட்டியவன் மட்டுமே. ஆகவே தவறு வினவலில்தான் இருக்க வேண்டும். கொழும்பில் அவசரமாக எழுதியிருப்பாய். விஜிதரனிடமும் ஞானேஸ்வரியிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமைக்கு முன் திருத்தி அனுப்பு, பிள்ளை.

நீ தங்கியிருக்கும் வீட்டுக் குமாரசாமி அண்ணாவையும் அண்ணியையும் கேட்டதாகச் சொல்லு. மழையில் நனையாதே. உன் வேலையும் உடம்பும் ஒரு குறையுமில்லாமல் இருக்கப் பிள்ளையார் துணையிருப்பார்.

இப்படிக்கு
உன் பெரியப்பா,
சி. கணபதி

பி.கு: உறையை ஒட்டுமுன், நீ அனுப்பிய வினவலையும் நான் தட்டியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உன்னுடையதில் ஏழு வரி. என்னுடையதில் எட்டு. எட்டாவது வரி, "அவருடைய உறவினர் யார்?" ஆளைக் கேட்டுவிட்டு உறவைக் கேட்காமல் விடுவது மரியாதையில்லை என்று நானே சேர்த்திருக்கிறேன். எடுத்துவிட்டேன். நாற்பத்தொரு பேர், தொண்ணூற்றாறு ஏக்கர். ஞானேஸ்வரிக்கு ஒன்றரை.

உடனே சைக்கிளில் போய் அவவிடம் சொன்னேன். தங்கச்சி என்ற பதிவையும் இனி எடுத்துவிடலாம் என்றேன்.

"தண்ணிக்கு அது தேவையில்லீங்களா?"

"தேவையில்லை."

"அப்ப சும்மா இருந்துட்டுப் போகட்டும் அண்ணா."

விட்டுவிட்டேன். வரும் வழியில் விஜிதரனிடமும் இறங்கி, பிழை பிள்ளையுடையது அல்ல, என்னுடையது என்றேன். "அது எங்களுக்கு அப்பவே தெரியும் மாஸ்டர். நீங்கள் சொல்லுமட்டும் பாத்துக்கொண்டிருந்தனாங்கள்" என்றார்.

ஆகவே, மேனுகா, நான்காவது விடயம் பிழை. அதை அடித்துவிட்டு வாசிக்கவும்.