கதவில் சிக்கிய செபஸ்தியார்

மொன்றியல் தீவில் நேர்கோட்டைக் கண்டால் கோபம் வருகிற மனிதர் ஒரேயொருவர்தான். அவர் என் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்தார். என் தலைவிதி அப்படி.

மன்னாரில் பிறந்த கத்தோலிக்கர். தொழில் கலியாண மேடை அலங்காரம். ரெஜிபோம் என்னும் வெள்ளை நுரைக் கட்டிகளைச் செதுக்கித் தூண், மயில், மணவறை எல்லாம் செய்வார். எங்கள் பகுதியான பார்க் எக்ஸ்டென்ஷனில் அவரை ‘ரோமர்’ என்று சொன்னால்தான் தெரியும். கனடாவுக்கு வரும் வழியில் ஏஜென்ட் அவரை ரோம் நகரத்தில் விட்டுவிட்டு மாயமாகிவிட்டான். நாலு மாதம். விசா இல்லாதவனுக்குப் பகலில் போக ஓர் இடம் வேண்டும். பொலிஸ்காரன் கோயிலுக்குள் வந்து பாஸ்போர்ட் கேட்பதில்லை என்று ரோமர் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து காலை முதல் மாலை வரை கோயில்தான்.

அந்தக் கோயில்களில் படங்கள் இருட்டில் தொங்கும். பெட்டியில் காசு போட்டால் விளக்கு எரியும். கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். ரோமரிடம் காசு ஏது? யாராவது உல்லாசப் பயணி வந்து போடும்வரை இருட்டில் காத்திருப்பார். திடீரென்று வெளிச்சம்: ஒரு குதிரை, கீழே விழுந்த மனிதன், விரிந்த இரண்டு கைகள். மறுபடி இருட்டு. நாலு மாதம் இப்படிப் படம் பார்த்தவர் பிறகு எப்படி ஒழுங்கான மனிதராக இருப்பார்?

எங்கள் கட்டடத்துக்கு வெளிப்புறமாக முறுக்கிக்கொண்டு ஏறும் இரும்புப் படி உண்டு. பனியில் அதில் ஏறுவது உயிராபத்து. நடுப்படியில் நின்று அதன் வளைவைத் தடவிப் பார்ப்பது ரோமரின் வழக்கம். பின்னால் ஓய்வுபெற்ற வாத்தியாரான நான் நாலு சாமான் பைகளோடு நிற்பேன்.

“இந்த ஊரிலை பரோக், அதுதான் ரோமிலை நான் பாத்த முறுகி வளையிற கலை, எண்டு சொல்லக்கூடிய ஒரே சாமான் இதுதான் மாஸ்ரர். அந்தக் காலத்திலை புரட்டஸ்தாந்துச் சீர்திருத்தக்காரர் கோயில் சொரூபங்களை உடைச்சாங்கள். பாதிச் சனம் கோயிலை விட்டுப் போட்டுது. உரோமாபுரி என்ன செய்தது? கூட்டம் போட்டுது. இழுபட்டு இழுபட்டுப் பதினெட்டு வருஷம்!”

“எங்கடை ஊர்ச் சங்கம் மாதிரியோ?”

“பகிடியை விடுங்கோ. படத்தைப் பாத்தாச் சனத்துக்கு நெஞ்சு பதறவேணும் எண்டு முடிவெடுத்தினம். பேந்துதான் ஒருத்தன் வந்து படத்திலை அப்போஸ்தலருக்கு ஊத்தைக் கால் கீறினான். இன்னொருத்தன் விரல் அமத்தின இடத்திலை தசை பள்ளம் விழுறமாதிரிச் செதுக்கினான். கல்லிலை, மாஸ்ரர்! கல்லிலை!”

“ஐசே, எனக்குக் கால் விறைக்குது. ஏறும்.”

அவர் ஏறமாட்டார். சலவைக்கல் தேவதை ஒன்றின் சிறகை விளக்கி முடித்த பிறகுதான் ஏறுவார்.

ஒரு கலியாணத்தில் தாலி கட்டும் நேரம் மண்டபத்து விளக்குகள் அத்தனையையும் அணைத்துவிட்டு, இடது பக்கத்திலிருந்து ஒரேயொரு பெரிய விளக்கைப் போட்டார். முந்நூற்றுச் சொச்சம் படங்களிலும் மணப்பெண்ணுக்குப் பாதி முகம்தான். மாப்பிள்ளைக்கு அதுவும் இல்லை, மூக்கு மட்டும்.

“என்ரை பிள்ளையின்ரை மற்றப் பக்கம் எங்கை?” என்று பெண்ணின் தாய் கலியாணப் பட அல்பத்தோடு மேல்மாடிக்கு வந்து நின்றார்.

“அது நிழலுக்கை இருக்கு அக்கா. நிழல் இல்லாட்டி வெளிச்சத்துக்கு என்ன மரியாதை?”

“உமக்குத்தான் மரியாதை இல்லை!”

அதோடு அவருக்குக் கலியாணங்கள் குறைந்தன. மனைவி பிள்ளைகள் கிடையாது. மிச்சமிருந்தது ஞாயிற்றுக்கிழமைப் பூசை ஒன்றுதான். பிரெஞ்சுக்காரர் கட்டிய பென்னாம் பெரிய கோயில். கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் போவதை விட்டுவிட்டார்கள்; பின்னேரங்களில் தமிழருக்குத் தந்திருந்தார்கள். அந்தக் கோயிலையும் மூடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. உடம்பில் அம்புகள் தைத்த புனிதர் செபஸ்தியாரின் திருநாளுக்கு மறைமாவட்டத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து பார்ப்பார், சனம் இருந்தால் வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் விற்பார்கள் என்று பங்குக் குருவான சுவாமி அறிவித்தார்.

ரோமர் அன்று என் வீட்டுக் கதவைத் தட்டினார். “மாஸ்ரர், இந்தக் கோயிலும் போச்செண்டா நான் ஞாயிற்றுக்கிழமை எங்கை போறது?”

நான் சைவக்காரன். அதோடு, எதுவும் மூடப்படும் என்றால் மூடப்படும் என்று நம்புகிறவன்.

அவர் அப்படி நம்புகிறவர் இல்லை. சனம் போனபோது உரோமாபுரி எதைச் செய்ததோ அதை அவரும் செய்யப்போகிறார். கோயிலில் இருந்த பழைய செபஸ்தியார் பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பவர் மாதிரி நேராக நிற்பார். ரோமர் கோயிலின் நிலவறையில் புதியவரைச் செதுக்கினார். ரெஜிபோம், மேலே சாந்து, அதற்கு மேல் நிறம். உடம்பு முறுகியிருந்தது, தலை பின்னால் சாய்ந்திருந்தது, ஒரு கை வானத்தை நோக்கி. இடுப்புத் துணி புயலில் அகப்பட்டதுபோல் பக்கவாட்டில் ஐந்தடி பறந்தது.

கோயில் சபைத் தலைவர் சுற்றிவந்து பார்த்தார். “அம்பு குத்தின மனிசன் ஏன் அண்ணை டான்ஸ் ஆடுறார்?”

“அது ஆட்டமில்லை, பரவசம்.”

“கதவாலை போவாரோ?”

“அளந்துதான் செய்தனான்.”

உண்மைதான், அளந்திருந்தார். ஆனால் ஆவணி மாதத்தில், கதவின் இரண்டு பக்கமும் திறந்து கிடந்தபோது. செபஸ்தியார் திருநாள் தை மாதம். குளிர்காற்று புகாமலிருக்கக் காவலாளி வருடாவருடம் ஒரு பக்கக் கதவை ஆணியடித்துப் பிளாஸ்ரிக் ஒட்டி மூடிவிடுவார். நடுக் குளிரில் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றுகிற சனம் எங்களைத் தவிர வேறு யார்? அந்தக் கதவு இரண்டும் தையில் திறக்கப்பட வேண்டிய தேவை அதுவரை யாருக்கும் வந்ததில்லை. பழையவர் ஒற்றைக் கதவால் சமர்த்தாகப் போய்வந்தவர்.

திருநாளன்று தலை எண்ணும் வேலையை என்னிடம் தந்தார்கள். எண்ணுவதற்கு மதம் தேவையில்லை. முந்நூற்றுப் பதினொரு பேர். கோயில் நிறைந்திருந்தது. மறைமாவட்டப் பெரியவர் புதிய செபஸ்தியாரைக் கண்டு வாய்திறந்து நின்றார். வெடிச்சத்தத்துக்குப் பதிலாக யாரோ தகரத்தில் தட்ட, பதினாறு இளைஞர்கள் சொரூபத்தைத் தூக்கினார்கள். கை வெளியே போனது. தலை போனது. துணி போகவில்லை.

“இடப் பக்கம் சரி!” “வலப் பக்கமடா!” “பின்னுக்கு எடு!” “பின்னுக்கு வராது, அம்பு கொளுவிப் போச்சு!”

அவ்வளவுதான். பாதிப் புனிதர் பனியில், பாதிப் புனிதர் கோயிலில். உள்ளே இருந்தவர்கள் வெளியே வர வழியில்லை. பயத்தில் ஒருவர் மன்றாட்டுமாலை என்ற செபப் பாட்டைத் தொடங்க, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். பாட்டுச் சத்தம் கேட்டுத் தெருவிலிருந்த கிரேக்கர், பஞ்சாபிகள், எந்தக் கோயிலுக்கும் போகாத பிரெஞ்சுக்காரர் எல்லோரும் வந்து கூடினார்கள். ஒரு கிழவி முழங்காலில் விழுந்து அழுதார். கடைசியில் தீயணைப்பு வண்டியும் வந்து, ஆணியடித்த கதவைப் பெயர்த்துப் புனிதரை விடுவித்தார்கள். வண்டியில் வந்த ஐந்து பேரையும் கணக்கில் சேர்ப்பதா என்று நான் தவித்தேன். மறைமாவட்டப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கோயில் காணவில்லை என்றார். ரோமர் என் கையைப் பிடித்து நசுக்கினார்.

பங்குனியில் கோயிலை மூடினார்கள். கூரை பழுது. அத்தோடு, பிரதான வாசல் அடைபட்டு மக்கள் உள்ளே சிக்கியதாகவும், அடைத்த பொருள் எளிதில் தீப்பற்றக்கூடியது என்றும் தீயணைப்புக்காரர் அறிக்கை கொடுத்திருந்தார்கள். சுவாமி அதைக் கடைசிப் பூசையில் வாசித்தபோது ரோமர் எழுந்து வெளியே போய்விட்டார்.

“நான்தானே மூடினனான்” என்றார், படியில் உட்கார்ந்துகொண்டு.

“கூரை எப்பவோ பழுதாப் போட்டுது ஐசே.”

“கூரையை ஆர் பாத்தது? வாசலைத்தானே பாத்தவை.”

தமிழ்ப் பூசைக்குத் தூரத்தில் வேறொரு கோயிலின் நிலவறையைக் கொடுத்திருக்கிறார்கள். ரோமர் ஒருநாள் போனார், பிறகு போகவில்லை. அந்தத் தாழ்ந்த முகட்டுக்குக் கீழே கடவுள் குனிந்துதான் நிற்கவேண்டுமாம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வருகிறார். என் கதிரை நேராக இருக்கிறது, யன்னல் சதுரமாக இருக்கிறது, நான் தேநீர் ஊற்றும் விதத்தில் உணர்ச்சி இல்லை என்று குறை சொல்கிறார். மூன்று கோப்பை குடிக்கிறார். என் விசுக்கோத்துப் பேணியில் பாதியைக் காலி பண்ணுகிறார். எனக்கு வயது போய்விட்டது. இந்த மனிதரின் தொல்லை தாங்கமுடியவில்லை என்று மகளிடம் ஒவ்வொரு வாரமும் ரெலிபோனில் முறையிடுகிறேன்.

போன ஞாயிறு பனி கொட்டியது. அவர் இறங்கி வரப் பிந்திவிட்டது. தேநீரை இரண்டாம் தரம் சூடாக்கி மூடி வைத்துவிட்டு, மேல்மாடியில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று கதவைத் திறந்துகொண்டு நின்றேன்.