ஈரம் குடிக்கும் திரவம்

நாலாவது தசம இடத்தில் ஆரம்பித்தது வம்பு. இரண்டு அயனித் திரவங்களைக் கலந்து, ஆழ்கடலில் இருப்பது போன்ற அழுத்தத்தில் அடர்த்தி அளப்பது அவள் வேலை. திங்களன்று வந்த எண் புதனன்று குறைந்திருந்தது.

தண்ணீர் சேர்ந்திருக்க வேண்டும். மூடாமல் வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் குடித்துவிடும் திரவம் அது. சந்தேகம் நேரே உதவியாளர் மேல் போனது. நாள் முழுக்க நாலு வார்த்தை பேசாதவர். ஆய்வகத்தில் அவருக்கு மௌனி என்றே பெயர்.

"பாட்டிலைத் திறந்து போட்டது நீங்கதானே?"

"நான் திறக்கறதே இல்லம்மா."

"அப்ப அதுவா திறந்துக்குச்சா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டு அவள் புகார் எழுதினாள். பதினெட்டு வருஷம் அங்கேயே இருந்த மனிதரைக் கிடங்குக்கு மாற்றினார்கள்.

அடுத்த வாரம் எண் இன்னும் சரிந்தது. அலமாரிக்குப் பூட்டுப் போட்டாள். மேலும் சரிந்தது. அழுத்தத்தைக் கூட்டிப் பார்த்தாள். கருவியின் அடைப்பு வளையம் பிய்த்துக்கொண்டு, பாதிக் கலவை அவள் கோட்டிலேயே வழிந்தது. இனி ஆய்வகத்தில் யாரையும் நம்ப முடியாதென்று, மிச்சத்தைப் பாட்டிலோடு கைப்பையில் வைத்து வீட்டுக்கே கொண்டுபோனாள்.

காலையில் பாட்டில் அடியில்தான் கொஞ்சம் இருந்தது.

"கதவு கிறீச் கிறீச்னு கத்திச்சு," என்றான் கணவன். "எண்ணெய்னு நினைச்சு கீலுக்கு விட்டேன்."

"அது என் மூணு மாச உழைப்பு."

"அதான் நல்லா வேலை செய்யுது."

அன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் மௌனி எதிரே வந்தார். வழக்கம்போலத் தலையசைத்தார். அவள் தட்டை ஒதுக்கி வைத்தாள். அவர் கிடங்குக்குப் போன பிறகும் எண் சரிகிறதென்றால் குற்றம் அவருடையதல்ல. இதைப் புரிந்துகொள்ள இத்தனை நாளா? மன்னிப்புக் கேட்கலாம், எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

ஆய்வகத்துக்குத் திரும்பி, வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலின் மிச்சத் துளிகளை ஊசியில் எடுக்கும்போது இயக்குநரிடமிருந்து ஃபோன். வராந்தாவுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். பெருக்க வந்த அம்மாள் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அதை ஏன் தொடறீங்க?"

"ஃபோன் வந்தா இப்படித்தான் திறந்து போட்டுட்டுப் போயிடறீங்க மேடம். முன்னாடியெல்லாம் அவருதான் பின்னாலேயே வந்து மூடுவாரு. ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டாரு, அன்னைக்கு மூட ஆளில்ல. உங்ககிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு, கிடங்குக்குப் போகும்போது என்னையும் பேசக்கூடாதுன்னுட்டாரு."