ஸ்பாஞ்சுப் பெட்டியை உன் மாமன் மதிக்காத விவரம்

என் அன்புக்கும், அதைவிட அதிகமாக என் அச்சத்துக்கும் உரிய மருமகளுக்கு,

முப்பத்தோர் ஆண்டுகளாக ஊர் ஊராகப் போய் ஒலிப்பதிவு செய்து காது தேய்ந்துபோன உன் தாய்மாமன் வாழ்த்தி எழுதுவது. இங்கு நான், என் வலது முழங்கால், நீ இரவல் தந்த இரண்டு மைக்குகள் ஆக நால்வரும் நலம். அங்கு நீயும் உன் கோபமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

புறப்படும்போது வாசலில் நின்று நீ போட்ட உத்தரவு இன்னும் காதில் இருக்கிறது. "மாமா, மைக்க இந்தப் பெட்டியில வெச்சுத்தான் கொண்டுபோகணும். திங்கக்கிழமை எனக்கு அந்த ஜோடி வேணும். ஒரு கீறல் விழுந்தாலும் இதுதான் உங்க கடைசி வெளியூர் வேலை. அப்புறம் வீட்ல உக்காந்து பழைய டேப்பத் தொடச்சுக்கிட்டு இருங்க." மருமகளே, பூகம்பம் வந்தபோதுகூட என் மடியில் இருந்த மைக் கொட்டாவி விட்டுக்கொண்டுதான் இருந்தது. வலது மைக்குக்குச் சிவப்புக் கம்பளி சாக்ஸ், இடது மைக்குக்கு நீல சாக்ஸ், சாக்ஸுக்கு மேல் சட்டை, சட்டைக்கு மேல் பை, பைக்குக் கீழே என் மடி. இதுதான் என் முறை. இதை மாற்றச் சொல்ல ராஜாவுக்கே துணிச்சல் வந்ததில்லை, ராஜா யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

சோற்று டப்பா அளவுகூட இல்லாத அந்தக் கறுப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஸ்பாஞ்சில் மைக்குக்கு இரண்டு நீளக் குழி, மைக்கின் தலையில் மாட்டும் பஞ்சுக் குல்லாவுக்கு இரண்டு உருண்டைக் குழி, கிளிப்புக்கு ஒரு சதுரக் குழி. என் கல்யாணச் சட்டைகூட அவ்வளவு அளவாகத் தைக்கப்படவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நீளக் குழிகளில் கனிந்த வாழைப்பழம் இரண்டை வைத்தேன். உருண்டைக் குழிகளில் அரைவேக்காட்டு முட்டை இரண்டு. சதுரக் குழியில் உப்பும் மிளகுத்தூளும் பொட்டலமாக. பெட்டியைக் கொண்டுபோகணும் என்றாய், கொண்டுபோனேன். மைக்குகள் வழக்கம்போல் சாக்ஸில், மடியில்.

வேன் டிரைவர் தும்மும்போதெல்லாம் பிரேக் போடுகிற ஆள். மூன்றாவது தும்மலில் பெட்டி மேல்தட்டிலிருந்து பறந்து, திறந்திருந்த கதவு வழியாக இறங்கி, படியில் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்து, ரோட்டில் படுத்தது. பின் சக்கரம் அதன் மேல் ஏறி இறங்கியது. டிரைவர் ஓடிப்போய் எடுத்து வந்தார்.

"என்னண்ணே இது, மேல ஏறியும் ஒண்ணும் ஆகல. உள்ள என்ன, மைக்கா?"

"வாழப்பழம்."

திறந்து காட்டினேன். பழத்தில் ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை. முட்டை ஓட்டில் மயிரிழை விரிசல் இல்லை.

"அப்ப மைக்கு?"

"சாக்ஸ்ல."

அதன்பிறகு நான்கு கிலோமீட்டருக்கு அவர் தும்மவே இல்லை. இதனால் உன் பெட்டி ஜெயித்துவிட்டதாக நினைத்துவிடாதே. வாழைப்பழத்துக்கு அது ஏற்ற பெட்டி, அவ்வளவுதான் நிரூபணமானது.

அரங்கத்தில் நாற்பது பேர் கொண்ட பாடகர் குழு. குழுத் தலைவியம்மாள் இரும்புக் குரல்காரி. மைக்கைப் பொருத்தி முதல் பாட்டைப் பதிவு செய்து கேட்டால், "சார், வலது பக்கம் ஒரு ஆடு உரசிக்கிட்டே போகுது, யாரு அது" என்கிறாள். மைக்கின் வலையில் சிவப்புக் கம்பளி நூல் நாலைந்து சிக்கியிருந்தது. ஊதினால் மைக் கெட்டுவிடும் என்று உனக்குக் கற்றுத் தந்தவனே நான்தான், ஆகவே ஊதவில்லை. முன்வரிசைப் பாடகி ஒருத்தி புருவம் எடுக்கிற இடுக்கியைக் கொடுத்தாள். நாற்பது ஜோடிக் கண்கள் பார்க்க ஒவ்வொரு நூலாக எடுத்தேன். கீறல் இல்லை, சத்தியம்.

அடுத்த வம்பு காலில் வந்தது. பதிவின்போது யாரும் செருப்போ ஷூவோ போடக் கூடாது என்பது நம் தொழில் சட்டம். எல்லோரும் சாக்ஸில் நின்றார்கள். நான் செருப்பைக் கழற்றி வெறுங்காலோடு பளிங்குத் தரையில் நடந்தேன். "யாரோ முத்தம் குடுக்கற மாதிரி சத்தம் வருது, சாக்ஸ் போடுங்க சார்" என்று மறுபடி அதே இரும்பு. கைவசம் எந்த சாக்ஸ் இருந்தது? மைக்குகளின் படுக்கையை எடுத்து என் பாதங்களுக்குக் கொடுத்தேன். சிவப்பொரு கால், நீலமொரு கால். பதிவு அமிர்தமாக வந்தது. முடிந்த கையோடு எவனோ தொண்டைக்கு வைத்திருந்த தேன் கலந்த வெந்நீர்ச் செம்பைக் கவிழ்க்க, என் இரண்டு சாக்ஸும் அதைக் குடித்துவிட்டன. நடந்தால் தரை என்னோடு வருகிறது.

அப்புறம் மைக்குகளைப் பத்திரமாக எடுத்து வைத்தேன். எதில் என்று கேட்காதே, தொழில் ரகசியம். ஆனால் ஒன்று உறுதியாகச் சொல்கிறேன். ஸ்பாஞ்சுக்கு இந்த மாமன் தலைவணங்க மாட்டான். அடுத்த வாரம் மலைப்பாதையில் இருக்கிற வேலைக்கும் நான்தான் போவேன், என் மடிதான் பெட்டி.

உன் காது நூறாண்டு கூர்மையாக இருக்கட்டும், உன் ஒயர்கள் ஒருநாளும் சிக்காமல் இருக்கட்டும். உன் அம்மாவிடம் சக்கரம் ஏறிய பேச்சை மட்டும் எடுக்காதே, எனக்கு அக்கா ஒருத்திதான்.

இப்படிக்கு,
வணங்காமுடி மாமன்

பி.கு.: டிரைவர் கொண்டுவந்து கொடுத்த பெட்டியின் மூடிக்குள்ளிருந்துதான் இந்தக் கடிதத்தை எடுத்திருப்பாய். ஆகவே மேலே உள்ளதைப் படிக்கும் முன்பே மைக்குகள் எங்கே படுத்திருக்கின்றன என்று பார்த்திருப்பாய். சதுரக் குழியை மட்டும் துடைத்துவிடு, மிளகுத்தூள், தும்மல் வரும். மலைப்பாதை வேலைக்கு அந்த ஜோடியையும் பெட்டியையும் கொடு. முடிந்தால் இதே அளவில் இன்னொரு பெட்டியும் வேண்டும். திரும்பும் வழிக்கு வாங்கிய வாழைப்பழத்தை சாக்ஸில் வைத்துப் பார்த்தேன். சொல்லும்படியாக இல்லை.