ஓநாயை நினைத்துக்கொண்ட கேப்டன்

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் தன் வீட்டுத் தொலைக்காட்சியைக் கொன்றுவிடுவது என்று எம்லின் பிராசர் முடிவு செய்தார். வேறு வழியில்லை. அன்று அது உயிரோடு இருந்தால் இவர் உயிரோடு இருக்க முடியாது.

இத்தனைக்கும் அதில் வரப்போவது அவர்தான். பல வருஷங்களாக ஓடும் ஒரு தொடரில் அவர்தான் விண்கலத் தலைவர் கேப்டன் கார்வென். நல்லவர் என்றால் அப்படி ஒரு நல்லவர். வேற்றுக்கிரகத்து ராட்சசன் துப்பாக்கியை நீட்டினாலும், “முதலில் உட்காருங்கள், பேசிக்கொள்ளலாம்” என்பார். எம்லினுக்கு அந்த வேடம் தண்ணீர் பட்ட பாடு. வேல்ஸ் நாட்டுப் பெனார்த் ஊரில் தன் வீட்டில் தினமும் அவர் செய்வதும் அதுதானே.

கெட்ட காலம் கதாசிரியர் உருவத்தில் வந்தது. கேப்டன் ஒரு கரும்புகை மேகத்துக்குள் நுழைந்து, இரண்டு பேராக வெளியே வருவதாக எழுதிவிட்டார் அந்த மனிதர். ஒருவர் பழைய நல்லவர். இன்னொருவர் அந்த நல்லவருக்குள் இத்தனை நாள் ஒளிந்திருந்த கொடியவர். இரண்டு பேரும் எம்லினே.

“மிரட்டுங்க எம்லின்!” என்றார் இளம் இயக்குநர் ரோட்ரி.

எம்லின் கத்தினார். பல்லைக் கடித்தார். கண்ணை உருட்டினார். விளக்குப் பிடிக்கிறவர் கொட்டாவி விட்டார்.

“பஸ்ஸை விட்டுட்ட ஆளு மாதிரி இருக்கீங்க” என்றார் ரோட்ரி. “நாளைக்கும் இப்படித்தான்னா, கொடியவனுக்கு வேற நடிகரைப் போட்டுடுவேன். அவரு நல்லா செஞ்சா அவரையே கேப்டனா வச்சுக்குவோம். நீங்க அந்தப் புகைக்குள்ளயே இருக்க வேண்டியதுதான்.”

எம்லின் தொங்கிய முகத்தோடு வீடு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். டெலித் பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“இதுக்கா இவ்வளவு? போய்த் துவைக்கிற மெஷின்ல இருந்து துணிய எடு. மனசு லேசாகும்.”

எடுத்தார். மனசு கனத்தது. டெலித்தின் அம்மா தன் கையால் பின்னிக் கொடுத்த பச்சை ஸ்வெட்டர், கொதிக்கிற தண்ணீரில் சுருங்கி, உள்ளங்கை அளவுக்கு வந்திருந்தது. காலையில் துணியைப் போட்டு மெஷினை ஓட விட்டவர் அவரே.

டெலித் கத்தவில்லை. கையிலிருந்த துணியை நான்காக மடித்தாள். மேசை மேல் வைத்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். தலையைக் கொஞ்சம் சாய்த்தாள்.

“நான் கோபமாவே இல்ல எம்லின். எதுக்குக் கோபப்படணும்? நீயே சொல்லு.”

எம்லின் ஸ்வெட்டரை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

“டீ ஆறுது. குடி.”

அந்த டீயைப் போல் பயங்கரமான ஒன்றை அவர் ஆயுளில் குடித்ததில்லை.

மறுநாள் படப்பிடிப்பில், ரோட்ரி பொறுமை இழக்கும் நேரத்தில், எம்லினுக்கு அந்த டீ ஞாபகம் வந்தது. கொடிய கேப்டன் தன் விண்வெளிக் கையுறைகளைக் கழற்றினார். நான்காக மடித்தார். தலையைச் சாய்த்தார். “நான் கோபமாக இல்லை. எதற்குக் கோபப்பட வேண்டும்? நீயே சொல்” என்றார் மெதுவாக. நல்ல கேப்டனுக்குப் பதிலாக முதுகு காட்டி நின்ற துணை நடிகர் மலை மாதிரி ஆள். யாரும் சொல்லாமலே இரண்டடி பின்வாங்கி, விளக்கின் மேல் விழுந்தார். ரோட்ரி ஓடி வந்து எம்லினின் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார்.

“எப்படிச் செஞ்ச?” என்று டெலித் அன்று கேட்டாள்.

“அதுவா? ஒரு ஓநாயை நினைச்சுக்கிட்டேன்.”

“ஓ. ஓநாயா?” என்று மட்டும் சொன்னாள்.

அப்போதெல்லாம் ஒளிபரப்பாகும் நேரத்தில் பார்த்தால் உண்டு, விட்டால் போச்சு. ஆகவே சனிக்கிழமை மத்தியானம், தூறலில், எம்லின் கட்டிங் பிளேயரோடு கூரை ஏறினார். கீழே பக்கத்து வீட்டு ஹைவெல் வந்து நின்றார். சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் வேலை செய்வதைப் பார்ப்பதுதான் அவருக்கு இப்போது வேலை.

“என்னய்யா, மழையில அங்க என்ன பண்ற?”

“குழாயில இலை அடைச்சிருக்கு.”

“குழாய் இந்தப் பக்கம் இருக்கு. நீ ஆன்டெனாவைக் கட்டிப் பிடிச்சிருக்க.”

“சும்மா இருய்யா! சாயங்காலம் டெலித் உன் வீட்டுக்கு டிவி பாக்க வந்தா, உள்ள விடாத.”

“உன் பொண்டாட்டிய நான் வாசல்ல நிறுத்தறதா? எனக்கென்ன உசுரு மேல ஆசை இல்லையா?”

“உன் டிவியும் ரிப்பேர்னு சொல்லு. உனக்கு ஒரு பாட்டில் வாங்கித் தரேன்.”

“நல்ல பாட்டில்னா ரிப்பேர்தான்” என்றார் ஹைவெல்.

எம்லின் வயரை வெட்டினார். மறுபடி ஒட்ட முடியாதபடி ஒரு முழம் அதிகமாகவே வெட்டி, தோட்டத்துப் புதருக்குள் எறிந்தார். இறங்கி வந்து உள்ளே போனால், டெலித் தொலைக்காட்சி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். திரையில் ஒரே பூச்சி.

“அடடா! படம் போச்சா?” என்றார் எம்லின். நல்லவராக நடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. “இன்னிக்குப் பாத்தா இப்படி ஆகணும்? விடு தங்கம். வெளிய போய் மீன் வறுவல் சாப்பிடலாம்.”

“நல்லதாப் போச்சு” என்றாள் டெலித். மழைக்கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டாள். “எப்படியும் வெளிய போறதாத்தான் இருந்தோம். ரக்பி கிளப்ல பெரிய டிவி வாங்கியிருக்காங்க இல்ல? உனக்கே தெரியாம வச்சிருக்கணும்னு நினைச்சேன். நம்ம தெரு முழுக்க வருது. ரெண்டு நாளா வெல்ஷ் கேக் சுட்டு டப்பா டப்பாவா அனுப்பியிருக்கேன்.”

டெலித்தும் அவரும் தனியாகப் பார்க்கவிருந்ததை, அவளைச் சுற்றி உட்கார்ந்து ஊரே பார்க்கப் போகிறது.

கிளப்பில் உட்கார இடமில்லை. முன்வரிசையில் ஹைவெல், மடி நிறைய கேக்கோடு.

“டெலித்கிட்ட என் டிவி ரிப்பேர்னுதான் சொன்னேன். அப்ப கிளம்பு, கிளப்புக்குப் போலாம்னுட்டா” என்றார். “பாட்டில் உண்டுதானே?”

தொடர் ஆரம்பித்தது. கரும்புகை வந்தது. கொடியவர் வந்தார். கையுறைகளை நான்காக மடித்தார். தலையைச் சாய்த்தார். “நான் கோபமாக இல்லை...”

தடித்த கழுத்துள்ள ரக்பிக்காரர்கள் நாற்காலியில் ஒடுங்கினார்கள். பீர் ஊற்றுகிறவர் கை பாதியில் நின்றது. பிறகு ஹைவெலின் குரல் மட்டும் கேட்டது: “யோவ், இது நம்ம டெலித் இல்ல?”

அத்தனை தலைகளும் ஒன்றாகத் திரும்பின.

டெலித் எழுந்தாள். மெதுவாக மழைக்கோட்டைக் கழற்றினாள். நான்காக மடித்தாள். உள்ளே, கழுத்து முதல் இடுப்புவரை, ஒரு நூல்கூடச் சுருங்காமல், அம்மா பின்னிய பச்சை ஸ்வெட்டர்.

எம்லின் அதையே பார்த்தார்.

“அப்ப... மெஷின்ல இருந்தது?”

“மிச்சமிருந்த கம்பளியில ஹைவெல் பேத்தியோட பொம்மைக்குப் பின்னினது. நீ வர்றப்பதான் வாசல்ல உன் மூஞ்சியப் பாத்தேன். கொடியவன் வேஷம் சரியா வரலன்னு தெரிஞ்சுபோச்சு. உடனே அதை உள்ள போட்டேன்.”

“நீ கோபமே படலியா?”

“நான்தான் அப்பவே சொன்னேனே, கோபமாவே இல்லன்னு. உனக்கு ஒரு தடவை செஞ்சு காட்டினேன், அவ்வளவுதான். நீயும் பரவாயில்ல, ஓரளவுக்குப் பிடிச்சுட்ட. அந்தத் தலை சாய்க்கிறதுதான் கொஞ்சம் ஜாஸ்தி.”

கிளப்பே கைதட்டியது. யாருக்கு என்று எம்லின் திரும்பிப் பார்க்கவில்லை. தெரிந்ததுதானே.

டெலித் கைப்பையைத் திறந்தாள். ஒரு முழம் ஆன்டெனா வயரை எடுத்து, அதன் மேல் ஒட்டியிருந்த புதர் இலையை ஊதிவிட்டு, அவர் கையில் வைத்தாள்.

“வீட்டுக்குப் போனதும் கூரை ஏறி இதைச் சேர்த்துடு. அதுக்கு முன்னாடி, ஓநாய்க்கு ஒரு டீ போட்டுக் குடு.”