கன்னத்தில் தேய்த்து எடுத்த துணி

கூச்சப்படுகிறவன் துணி எடுக்கப் போகக் கூடாது. அதுவும் இறந்தவர் விஷயமாக என்றால், தெருமுனையிலேயே திரும்பிவிடுவது நல்லது. நான் திரும்பவில்லை.

தொம்மலூரில் எங்கள் ஏரியா கால்பந்துக்கு ரெஃப்ரியாக இருந்தவர் சார்லஸ் அண்ணன். மைதானத்திலும் சரி, தன் கல்யாண போட்டோவிலும் சரி, அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவருடைய முதல் வருட நினைவு நாளுக்குக் காலையில் பூசை, பிறகு ஒரு மேட்ச், எல்லோருக்கும் அவர் முகம் அச்சடித்த டி-ஷர்ட் என்று டீமில் முடிவானது. துணியைத் தேர்ந்தெடுக்கும் வேலை என்னிடம் வந்தது. நான் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு கார்மெண்ட்ஸில் இஸ்திரி போடுகிறவன். (அங்கே வருவதெல்லாம் இழுத்தாலும் அசையாத ஆபீஸ் சட்டைகள். பனியன் துணி பற்றி உனக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் வாய் வரவில்லை.)

அண்ணனின் மனைவி ரீட்டா அக்கா ஒன்றுதான் கேட்டார்.

"தம்பி, மரியாதையா வாழ்ந்த மனுஷன். அவர் மூஞ்சியப் பாத்து யாரும் சிரிச்சிடக் கூடாது. அவ்ளோதான்."

தலையாட்டினேன்.

கடையில் இருந்த பெண் மூன்று துணிகளை விரித்தாள்.

"சார், இது ஃபுல் காட்டன். இது காட்டன்-பாலி மிக்ஸ், ஷேப் அப்படியே நிக்கும். இது விஸ்கோஸ் லைக்ரா, செம்ம சாஃப்ட், ஆனா நல்லா இழுக்கும். யாருக்கு சார்?"

"இறந்தவருக்கு."

அவள் அளவு டேப்பைக் கீழே வைத்தாள்.

"அவரு… போட்டுக்கறதுக்கா சார்?"

"இல்லம்மா, படம்…" என்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

"போட்டுப் பாருங்க, அப்பத்தான் தெரியும்" என்று ஒரு திரையைக் காட்டினாள். அன்று நான் உள்ளே போட்டிருந்த பனியனில், முதுகுப் பக்கம் ஒரு ஜன்னல் இருந்தது. அதனால் துணிகளைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன். மூன்றாவது துணி, குழந்தையின் காது மாதிரி இருந்தது. அண்ணன் இருக்கப்போகிற இடம், மெத்தென்று இருக்கட்டும் என்று தோன்றியது.

"இதுவே போதும்."

"ஷ்யூரா சார்?"

வாசலைப் பார்த்தபடி தலையாட்டினேன்.

நினைவு நாளன்று எல்லோரும் அதைப் போட்டுக்கொண்டு மாதா கோயிலுக்குள் வந்தார்கள். ஒல்லியானவர்கள் மேல் துணி தொங்கியதில் அண்ணன் கன்னம் ஒட்டிப் பட்டினி கிடந்தவர் போலிருந்தார். கடைசியாகக் கோல்கீப்பர் குமார் வந்தான். குமாரின் வயிறு முதலில் வரும், குமார் பிறகு வருவான். அந்த வயிற்றின் மேல் துணி இழுபட்டு, அண்ணனின் மீசை இரண்டு பக்கமும் அகன்று, உதடு காது வரை போய், அவர் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். குமார் ஞானப்பாட்டு பாடினான். அண்ணன் குலுங்கினார். பாடற்குழுவில் ஒவ்வொரு குரலாக நின்றது. சாமியார் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

பூசை முடிந்ததும் நான் வெளியே மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். ரீட்டா அக்கா நேராகக் குமாரிடம் போனார். அவன் பயந்து மூச்சை உள்ளே இழுத்தான். சிரிப்பு மறைந்து, பழைய ரெஃப்ரி முறைத்தார்.

"டேய், வயித்த விடுடா."

விட்டான். அண்ணன் சிரித்தார்.

"கூடவே இருந்தேன்டா. ஒரு நாளாச்சும் என்னப் பாத்து இப்படிச் சிரிச்சதில்ல இந்த மனுஷன்" என்று அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. வெளியே வர எனக்குத் தைரியமும் இல்லை.

மற்றவர்களின் டி-ஷர்ட்கள் இன்று வண்டி துடைக்கும் துணிகளாகிவிட்டன. குமார் மட்டும் ஒவ்வொரு நினைவு நாளுக்கும் அதைப் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்பது அக்காவின் உத்தரவு. டாக்டர் அவனை எடை குறைக்கச் சொல்லியிருக்கிறார். பிரியாணி பரிமாறும்போது அக்கா அவன் தட்டில் மட்டும் இன்னொரு கரண்டி வைக்கிறார்.

"சாப்பிடு தம்பி. நீ இளைச்சா அவர் மறுபடி முறைக்க ஆரம்பிச்சிடுவாரு."