ஒரெஸ்டின் பிளேஆஃப் விரதம்

சவரக் கத்தியைக் கழுவித் துடைத்து அலமாரியில் பூட்டினான் ஒரெஸ்ட். மனிடோபாவின் அந்தச் சின்ன ஊருக்கு ஒரு ஐஸ் ஹாக்கி அணி உண்டு. பெயர் ஓநாய்கள். பதினாறு வருஷம் கழித்து பிளேஆஃபுக்குள் நுழைந்திருந்தார்கள். அது முடியும்வரை ஊரில் எந்த ஆண்பிள்ளையும் தாடியை மழிக்கக்கூடாது; மழித்தால் அணியின் ராசி போய்விடும். ஒரெஸ்ட் அதோடு தன் சட்டம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டான்.

"பிளேஆஃப் முடியறவரைக்கும், ஆட்டம் நடக்கிறப்போ இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்க மாட்டேன். பாத்திரம், துடைப்பம், எதுவும் கிடையாது!"

"அது என்ன பெரிய பிளேஆஃப்? அக்டோபர்லேர்ந்து ஆடிக்கிட்டுதானே இருக்காங்க?" என்றாள் மனைவி மர்லீன்.

"அது லீக்! தோத்தா அடுத்த வாரம் பாத்துக்கலாம். இதுல முதல் ரெண்டு இடம் பிடிச்சவன் மட்டும்தான் மோதுவான். ஏழு ஆட்டம். நாலு ஜெயிச்சா கப். இல்லேன்னா மூட்டையக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"சரி, எந்திரிக்காதே."

முப்பத்தொரு வருஷத்தில் அவள் இப்படி உடனே சரி சொன்னதே இல்லை. அவன் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

முதல் ஆட்டம் தோல்வி. இரண்டாவதில் கடைசி நிமிஷங்கள்வரை சமநிலை. சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஒரெஸ்ட், பெரோகிக் கொழுக்கட்டை வேகவச்ச பானை அடிபிடிச்சுப் போச்சு. ஓடி வா, ஒரே நிமிஷம்!"

முனகிக்கொண்டே போய்ப் பானையில் கை வைத்தான். டிவியில் ஒரே ஆரவாரம். கோல், வெற்றி!

"உன் கை ராசிப்பா!" என்று மர்லீன் கன்னத்தில் கை வைத்தாள்.

மூன்றாவது ஆட்டத்தில் வாணலி. கோல், வெற்றி. நான்காவது, ஐந்தாவதில் அவள் கூப்பிடவில்லை. இரண்டும் தோல்வி. ஆறாவதில் தரை துடைத்தான். வெற்றி! மூன்றுக்கு மூன்று. காபிக் கடையில் ஒரெஸ்ட் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னான்: "கோச் என்னப்பா கோச்! இந்த ஊர் மானமே என் கையில இருக்கு." நெஞ்சு கோட்டுக்குள் அடங்கவில்லை.

ஏழாவது ஆட்டம். சமநிலை, கூடுதல் நேரம். முதல் கோல் போட்டவனுக்குக் கப். தண்ணீர் குடிக்கப் போனவன் மர்லீனின் காதில் ஒயரைப் பார்த்தான். ஒயரின் மறுமுனை ஏப்ரன் பைக்குள், ரேடியோவில்.

"என்ன இது?"

"ரேடியோ. மைதானத்துலேர்ந்து நேரா வருது. உன் டிவி இன்டர்நெட்ல ஊரைச் சுத்திட்டு ஒரு நிமிஷம் கழிச்சுத்தானே காட்டுது."

"அப்போ கோல் விழுந்தப்புறம்தான் என்னைக் கூப்பிட்டியா?"

"ஒவ்வொரு தடவையும்."

"பாவி! இனி ஒரு ஸ்பூனைக்கூடத் தொட மாட்டேன்!"

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். எதிரணி அடித்த ரப்பர் வட்டு கோல் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. அவனுக்கு உயிரே போய்விட்டது. இன்னொரு அடி, மயிரிழையில் தப்பியது. மர்லீன் ஒயரைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "நான் கூப்பிடவே இல்லப்பா."

பதினாறு வருஷம். ஊர் மானம். ஏமாற்று வேலைதான், தெரியும். ஆனாலும் ஒருவேளை...?

ஒரெஸ்ட் எழுந்தான். சட்டைக் கையை மடித்தான். சுத்தமாகக் காய்ந்துகொண்டிருந்த வாணலியை எடுத்து மறுபடி தேய்த்தான்.

ஊரே அதிர்ந்தது. கோல்! கப்!

"பாத்தியா! இப்போ ரேடியோ இல்ல, டிவி இல்ல, என் கைதான்!" நுரை சொட்டச் சொட்ட, கண்ணீரும் கர்வமுமாக அவன் கூடத்துக்கு ஓடினான்.

மர்லீன் அவன் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"உன் கைதான், யார் இல்லேன்னாங்க? ஆனா அடுத்த வருஷம் பிளேஆஃபுக்கு வரணும்னா முதல்ல லீக்ல ஜெயிக்கணுமே. அக்டோபர்லேர்ந்தே தேய்க்க ஆரம்பிச்சுடு."